சிசி எத்தனை, வேகம் எத்தனை?



புதிதாகக் கார் வாங்குகிறவரிடம் சொந்தக்காரர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். என்ன விலை? என்ன மைலேஜ்? எத்தனை சிசி? மூன்றாவது கேள்விக்கு ஆயிரம் என்று பதில் வந்தால், "ஊருக்குள்ள ஓட்ட சரிதான்" என்பார்கள். ஆயிரத்து ஐந்நூறு என்றால், "ஹைவேல பறக்கும்" என்பார்கள். பெரிய இன்ஜின், பெரிய வேகம். சின்ன இன்ஜின், சின்ன வேகம். இவ்வளவுதான் நம் கணக்கு. இந்தக் கணக்கு சரியா? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து பார்க்கப்போகிறேன்.

எந்த வேகத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு கார் உச்சமாக எட்டக்கூடிய வேகம் ஒன்று உண்டு. அது விளம்பரத்துக்கு. காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் இன்னோர் ஊர் போய்ச் சேர, மணிக்கணக்கில் ஒரே சீராகப் பிடித்து வைத்திருக்கும் வேகம் ஒன்று உண்டு. இன்ஜினுக்கும் வலிக்காது, ஓட்டுகிறவருக்கும் வலிக்காது, பர்ஸுக்கும் அதிகம் வலிக்காது. இதைப் பயண வேகம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறீர்களா? 2005இல் வந்த புகாட்டி வேரோன் காருக்கு 8,000 சிசி இன்ஜின். உச்ச வேகம் மணிக்கு 407 கிலோமீட்டர். அந்த வேகத்தில் விடாமல் ஓட்டினால் 100 லிட்டர் டேங்க் சுமார் 12 நிமிடத்தில் காலி. 12 நிமிடம் ஓடுவதைப் பயணம் என்று யார் சொல்வார்கள்?

அடுத்து, சிசி. அந்தக் காலத்தில் களத்துமேட்டில் படியால் நெல் அளந்ததைப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். சிசி என்பது படியின் அளவு. பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்கும்போது சிலிண்டர்கள் எல்லாம் சேர்ந்து எவ்வளவு காற்றை உள்ளே அள்ள முடியும் என்பதன் அளவு. படி பெரிதானால் அள்ளுவது அதிகம், உண்மைதான். ஆனால் ஒரு நிமிடத்தில் எத்தனை தரம் அள்ளுகிறான்? தலைதட்டி அளக்கிறானா, குவித்து அளக்கிறானா? இதெல்லாம் தெரியாமல் படியின் அளவை மட்டும் வைத்து எத்தனை மூட்டை நெல் அளந்தான் என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது என்பதற்குச் சாட்சி, உலகத்தையே காரில் ஏற்றிய கார். 1908இல் ஹென்றி ஃபோர்டு கொண்டுவந்த மாடல் டி. அதன் இன்ஜின் 2,900 சிசி. இன்றைய பெரிய எஸ்யூவிக்குப் போதுமான அளவு. அது கொடுத்த சக்தி? 20 குதிரைத்திறன். உச்ச வேகம்? மணிக்கு 65, 70 கிலோமீட்டர். 75 ஆண்டு கழித்து, 1983 டிசம்பரில் நம் நாட்டில் மாருதி 800 வந்தது. 796 சிசி. மாடல் டி இன்ஜினில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். ஆனால் 37 குதிரைத்திறன். உச்ச வேகம் 120ஐ ஒட்டி. பெரிய படி மெதுவாக அள்ளியது, சின்ன படி வேகமாக அள்ளியது. அவ்வளவுதான் விஷயம்.

சரி, இன்ஜின் எவ்வளவு கொடுக்கிறது என்று பார்த்தோம். சாலை எவ்வளவு கேட்கிறது என்று பார்த்தோமா? யாரும் பார்ப்பதில்லை. நெடுஞ்சாலையில் காரோடு மல்லுக்கு நிற்பது காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. அந்த எதிர்ப்பை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பதால், தேவைப்படும் சக்தி எட்டு மடங்கு! மறுபடி சொல்கிறேன். வேகம் இரண்டு மடங்கு, காற்றுக்குக் கொடுக்க வேண்டிய சக்தி எட்டு மடங்கு.

வெறும் சூத்திரமாகச் சொன்னால் மனதில் நிற்காது. ஒரு சின்ன கார். ஆளோடு சேர்த்து 900 கிலோ. முகப்பு 2 சதுர மீட்டர். காற்றுத் தடை எண் 0.35. சமதளச் சாலை, எதிர்க்காற்று இல்லை. டயரின் உராய்வையும் சேர்த்து நான் போட்ட கணக்கு இது. 60இல் போக சக்கரத்துக்கு வேண்டியது 5 குதிரைத்திறன். 80இல் போக ஒன்பதரை. 100இல் போக 16. 120இல் போக 26. 160இல் போக 56! பார்த்தீர்களா? 60 கிலோமீட்டர் வேகத்துக்கு ஒரு ஸ்கூட்டரின் சக்தி போதும். 100க்கு 16 போதும். மாருதி 800இடம் இருந்ததோ 37. அப்படியானால் 100 கிலோமீட்டர் பயண வேகத்துக்கு எத்தனை சிசி வேண்டும் என்ற கேள்விக்குக் காற்று சொல்லும் பதில் என்ன? எண்ணூறே தாராளம்.

ஆனால் காற்று சொல்வது பாதிக் கதைதான். மீதிக் கதைக்கு ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போய் வரவேண்டும். கொஞ்சம் பொறுமையாக வாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1930களின் இங்கிலாந்து. அங்கே கார் வரி குதிரைத்திறனை வைத்துப் போடப்பட்டது. குதிரைத்திறனை எப்படி அளந்தார்கள்? இன்ஜினை ஓடவிட்டா? இல்லை. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடு, அதை அதனாலேயே பெருக்கு, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கு, இரண்டரையால் வகு. முடிந்தது. மெக்கானிக்குகள் போர் என்று சொல்கிறார்களே, அந்த விட்டம் மட்டும்தான் கணக்கில் வரும். பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது, அதாவது ஸ்ட்ரோக், அதற்கு வரி கிடையாது. 1921இல் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு என்று வரி வந்ததும் கார் கம்பெனிகள் என்ன செய்திருக்கும்? நாம் என்ன செய்வோமோ அதையே செய்தார்கள். போரை ஒடுக்கினார்கள், ஸ்ட்ரோக்கை நீட்டினார்கள். ஒல்லியான, உயரமான சிலிண்டர்கள். ஆஸ்டின் செவன் என்ற பெயரில் இருக்கும் ஏழும், மோரிஸ் எய்ட் என்ற பெயரில் இருக்கும் எட்டும் வரிக்கணக்கின் எண்கள். உலகத்தில் வேறு எந்தப் பொருளுக்காவது வரி ரசீதைப் பார்த்துப் பெயர் வைத்திருப்பார்களா, எனக்குத் தெரிந்து இல்லை.

அதே நேரம் ஜெர்மனியில் நடந்தது வேறு. 1933இல் புதுக் கார்களுக்கு வரியே இல்லை என்று எடுத்துவிட்டார்கள். 1935 மே மாதம் ஃப்ராங்ஃபர்ட்டுக்கும் டார்ம்ஷ்டாட்டுக்கும் இடையே ஆட்டோபான் திறந்தார்கள். குறுக்குச் சாலை இல்லை, சிக்னல் இல்லை, நிறுத்தாமல் ஓடலாம். அந்தச் சாலைக்கு ஒரு மக்கள் கார் வேண்டும் என்று ஃபெர்டினண்ட் போர்ஷேயிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. கேட்டவன் ஹிட்லர். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. வாரா வாரம் ஸ்டாம்ப் ஒட்டிப் பணம் சேமித்த ஜெர்மன் தொழிலாளிக்கு அந்தத் திட்டத்தில் கார் வந்து சேரவில்லை. தொழிற்சாலை போர் வண்டிகளைத்தான் செய்தது. ஆனால் பொறியாளருக்கு வைக்கப்பட்ட நிபந்தனை மட்டும் நம் தலைப்புக்கு நேராக வருகிறது. குடும்பம் உட்கார வேண்டும், விலை ஆயிரம் மார்க்குக்குள் இருக்க வேண்டும், ஆட்டோபானில் 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும்.

தொடர்ந்து! அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். 100ஐ ஒருமுறை தொட்டால் போதாது. காலை முதல் மாலை வரை 100.

போர்ஷே என்ன செய்தார்? பெரிய இன்ஜின் வைத்தாரா? இல்லை. 985 சிசி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது 1131 சிசி ஆனது. சக்தி வெறும் 25 குதிரைத்திறன். அந்தக் காரின் வடிவத்துக்கும் எடைக்கும் 100இல் போகச் சக்கரத்தில் சுமார் 20, 21 குதிரைத்திறன் வேண்டும். கியர்பெட்டியில் கொஞ்சம் போகும். கையில் மிச்சம் ஏதுமில்லை. ஆக, அந்தக் காரின் உச்ச வேகமும் 100, பயண வேகமும் 100! ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு நாள் முழுக்க ஓட்டலாம். ஒன்றும் ஆகாது.

எப்படி ஆகாமல் இருக்கும்? அதே அளவு சக்தியுள்ள ஓர் ஆங்கிலக் காரைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், விளங்கும். மோரிஸ் எய்ட். 918 சிசி. சக்தி 23 குதிரைத்திறனை ஒட்டி. முட்டி ஓட்டினால் 90 கிலோமீட்டரைத் தாண்டும். காகிதத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. உள்ளே திறந்து பார்த்தால்? மோரிஸ் எய்ட்டின் போர் 57 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. போர்ஷேயின் இன்ஜினில் போர் 75, ஸ்ட்ரோக் 64. ஒரு சுற்றுக்கு மோரிஸின் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 40 சதவீதம் அதிகம். போர்ஷே இன்ஜின் தன் முழுச் சக்தியைக் கொடுப்பது நிமிடத்துக்கு 3,300 சுற்றில். அப்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 7 மீட்டர். அதே சுற்றில் மோரிஸின் பிஸ்டன் கிட்டத்தட்ட 10 மீட்டர் ஓட வேண்டும். பிஸ்டன் மேலே போய் நின்று திரும்ப வேண்டும், கீழே போய் நின்று திரும்ப வேண்டும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை. அந்தத் திருப்பத்தின் அடி முழுவதையும் வாங்குவது கனெக்டிங் ராடும் பேரிங்கும். ஐந்து நிமிடம் தாங்கும். ஐந்து மணி நேரம்? பேரிங் உருகும்.

இன்னும் ஒன்று. போர்ஷே இன்ஜின் மேலும் வேகமாகச் சுழன்றிருக்கலாம். சுழலவிடவில்லை. உள்ளே போகும் காற்றின் வழியையே ஒடுக்கி வைத்தார்கள். வேகமாக அள்ளத் தெரிந்தவனை, நாள் முழுக்க அள்ள வேண்டும், நிதானமாகவே அள்ளு என்று பிடித்து வைத்த மாதிரி. பின்னாளில் பீட்டில் என்று பெயர் பெற்ற இந்தக் காரின் ரகசியம் அந்த அடக்கம்தான் என்பது என் கருத்து.

இந்த இன்ஜினை இங்கிலாந்தின் வரிச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். மோரிஸ் எய்ட் 8 குதிரை. போர்ஷேயின் இன்ஜின் 14 குதிரை! உண்மையான சக்தியில் வித்தியாசம் இரண்டு குதிரை. வரியில் வித்தியாசம் ஆறு. எந்த ஆங்கிலேயர் அப்படி ஒரு இன்ஜின் செய்யத் துணிவார்? போர் முடிந்ததும் அந்த ஜெர்மன் தொழிற்சாலையை மறுபடி ஓடவைத்தவரே ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, மேஜர் ஐவன் ஹர்ஸ்ட். அவர் நாட்டுக் கார் கம்பெனிகளோ வந்து பார்த்துவிட்டு, இது வேண்டாம் என்று போய்விட்டன. பிறகு அந்தக் கார் இரண்டு கோடிக்கு மேல் விற்றது.

கணக்குத் தீர்க்கும் நாள் 1959 நவம்பர் 2. லண்டனிலிருந்து வடக்கே போகும் எம்1 மோட்டார்வே திறந்த நாள். வேக வரம்பு இல்லை. ஆங்கிலேயர்கள் தங்கள் கார்களை எடுத்துக்கொண்டு உற்சாகமாகக் கிளம்பினார்கள். வளைவும் நெளிவுமான கிராமச் சாலைகளில் ஆண்டுக்கணக்காக உழைத்த நல்ல கார்கள்தான். ஒரே சீராக, நிற்காமல், முழு வேகத்தில் ஓடச் சொன்னதும் ரேடியேட்டர் கொதித்து, இன்ஜின் இறுகி, சாலையோரம் வரிசையாக நின்றன. சிசி குறைவாக இருந்ததா? இல்லை. சக்தி குறைவாக இருந்ததா? அதுவும் இல்லை. நாள் முழுக்க ஓடு என்று அவற்றிடம் யாரும் முன்பு கேட்டதில்லை.

அந்தக் குடும்பத்து வாரிசு ஒன்று நம்மிடமும் இருந்தது. யார்? அம்பாசடர்தான்! மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வங்காளப் பதிப்பு. 1489 சிசி, போர் 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9. அந்த வரி இங்கிலாந்திலேயே ஒழிந்துபோன பிறகு செய்த இன்ஜின். ஆனாலும் பழைய பழக்கம் விடவில்லை. 50 குதிரைத்திறன் இருந்தும் 80ஐத் தாண்டினால் அது படும் பாடு, ஓட்டியவர்களுக்கு நினைவிருக்கும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நீண்ட ஸ்ட்ரோக்குக்குக் குறைந்த சுற்றிலேயே இழுவை வரும். மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு, கியர் மாற்றாமலே மெல்ல எழும்பிப் போகும். அன்றைய நம் சாலை கேட்டது அதைத்தான். பாதி சிசி கொண்ட மாருதி வந்து அதை முந்திக்கொண்டு போனபோது பலருக்கும் மனசு ஒப்பவில்லை. எடையோ அம்பாசடரில் பாதியைவிடக் கொஞ்சம் கூட, குனிந்த முகம், கட்டை ஸ்ட்ரோக். சிசி என்ற ஒரே எண்ணைப் பார்த்தவர்களுக்கு அது புதிராகவே இருந்தது.

பெரிய சிசிக்கு ஆதரவாகப் பேச யாருமே இல்லையா? அமெரிக்கா இருக்கிறது. 1974 ஜனவரியில் எண்ணெய் நெருக்கடிக்கு நடுவே அதிபர் நிக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடு முழுக்க வேக வரம்பு 55 மைல். நம் கணக்கில் 88 கிலோமீட்டர். அந்த ஆண்டு கேடிலாக் எல்டொராடோவின் இன்ஜின் 8,200 சிசி. ஒரு தடத்தில் அது, அடுத்த தடத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு இன்ஜினோடு பீட்டில். இரண்டும் 88. ஒரே காற்று, ஒரே சட்டம், ஒரே வேகம்! ஆனால் கேடிலாக்கில் உட்கார்ந்தவருக்கு இன்ஜின் ஓடுவதே கேட்காது. பீட்டிலில் உட்கார்ந்தவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் கத்திப் பேச வேண்டும். அதுதான் பெரிய இன்ஜின் வாங்கித் தருவது. வேகம் ஒன்றுதான், அந்த வேகத்தில் இன்ஜின் படும் சிரமம் வேறு.

இந்த இடத்தில் ஓர் இளைஞர் எழுந்து கேட்கலாம். "ஐயா, நீங்கள் சொல்வதெல்லாம் பழைய இன்ஜின். இப்போது டர்போ வந்துவிட்டதே?" நல்ல கேள்வி. பதிலுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் போனால் போதும். 1998இல் அங்கிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. 999 சிசி, 55 குதிரைத்திறன். 2019இல் அதே தொழிற்சாலையிலிருந்து வென்யூ வந்தது. அதில் டர்போ வைத்த இன்ஜின் 998 சிசி, 120 குதிரைத்திறன். ஒரே அளவு படி. ஒன்று தலைதட்டி அளந்தது, மற்றது குவித்து, அமுக்கி அளக்கிறது. சிசியை வைத்து வேகத்தைச் சொல்லும் பழக்கத்துக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் நம் அரசாங்கம் இன்னும் சிசியைத்தான் பார்க்கிறது. நான்கு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500க்குள் இருந்தால் சின்ன கார் வரி. அன்று லண்டனில் போரை அளந்தார்கள். இன்று டெல்லியில் சிசியை அளக்கிறார்கள். கம்பெனிகளும் அன்று போலவே அளவுக்குள் வளைந்து கொடுக்கின்றன.

அப்படியானால் கூடுதல் சக்தி வீண்தானா? சேலத்திலிருந்து தருமபுரிக்குத் தொப்பூர் ஏறிப் பாருங்கள், வீண் என்று சொல்ல மாட்டீர்கள். நம் கணக்குக் கார் சமதளத்தில் 80இல் போக ஒன்பதரை குதிரை கேட்டது. நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் சரிவில், அதே 80ஐப் பிடிக்க இன்னும் 13 வேண்டும். ஏசி தன் பங்குக்கு மூன்று நான்கைக் கேட்கும். நான்கு பேர், பெட்டி, மூட்டை, ஊருக்குக் கொண்டுபோகும் பலகாரம். எல்லாம் கூட்டினால் 37 குதிரையில் மிச்சம் எவ்வளவு? இரண்டு வழிச் சாலையில் முன்னே ஒரு லாரி, எதிரே தூரத்தில் ஒரு பஸ். அந்த லாரியைத் தாண்ட எத்தனை நொடி எதிர்த் தடத்தில் இருக்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்வது அந்த மிச்சம்தான். "பிக்கப் இல்ல" என்று மெக்கானிக்கிடம் சொல்கிறோமே, அந்தக் குறை இதுதான். இந்த மிச்சத்துக்காகப் பெரிய இன்ஜின் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. பயண வேகத்துக்காக வாங்காதீர்கள்.

மின்சாரக் கார் வந்த பிறகு சிசி என்ற பேச்சே கிடையாது. படியே இல்லை, அளவு எதற்கு? ஆனால் காற்று எங்கேயும் போய்விடவில்லை. நான் சொன்ன அதே சின்ன காரை மின்சாரத்தில் ஓட்டுவதாக வையுங்கள். நூறு கிலோமீட்டர் தூரம் போக, 80 வேகத்தில் சக்கரத்துக்கு வேண்டியது சுமார் 9 யூனிட். 100 வேகத்தில் 12. 120 வேகத்தில் 16. அவசரப்பட்டு 120இல் போனவர், சார்ஜ் போட வழியில் நின்றுகொண்டிருக்கும்போது, 90இல் வந்தவர் அவரைக் கடந்து போவதும் நடக்கிறது. பெட்ரோல் காரிலும் இந்தச் செலவு இருந்தது. இரண்டு நிமிடத்தில் பங்கில் நிரப்பிக்கொண்டதால் நம் கண்ணில் படவில்லை.

கார் வாங்க ஷோரூமுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெஸ்ட் டிரைவ் என்று தெருமுனை வரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார்கள், அதற்குச் சம்மதிக்காதீர்கள். பைபாஸுக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள். வீட்டு ஆட்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏசியைப் போடுங்கள். டாப் கியரில் 90இல் ஒரு பத்து நிமிடம் பிடியுங்கள். ஆர்பிஎம் முள் எங்கே நிற்கிறது? பின்சீட்டில் இருப்பவர் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா? கியரைக் குறைக்காமல் காலை அழுத்தினால் வண்டி எழுகிறதா, முனகுகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் திருப்தியாக இருந்தால், அந்த வண்டி எத்தனை சிசி என்று சொந்தக்காரர் கேட்கும்போது ஆர்சி புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்விகள் நிறைய இருக்கும் என்று முன்வரிசை முகங்களே சொல்கின்றன. கேளுங்கள்.